மேடையை விடுங்க, பந்தியைப் பாருங்க

எண்பதாயிரம் ரூபாய்.

ஆறு மாச 'இவென்ட் மேனேஜ்மென்ட்' கோர்ஸுக்கு ஒரு இடத்துல கேக்கற தொகை இது. புதுச்சேரி பாகூர்ப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பி, "அக்கா, சேரலாமா?"ன்னு கேட்டிருக்கு. பி.காம். முடிச்ச பொண்ணு. அப்பா நெல்லு போடறவர். எண்பதாயிரம்னா வீட்டு நகை பேங்குக்குப் போகும்.

விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! படம் பூரா கடற்கரை, வெள்ளைத் துணி, கண்ணாடி விளக்கு, காதுல ஒயர் மாட்டிக்கிட்டு சிரிக்கிற ஒருத்தர். எங்கயுமே சோறு இல்ல. பந்தி இல்லாம எங்க ஊர்ல எந்த விசேஷம் நடந்திருக்கு, நீங்களே சொல்லுங்க.

அந்தப் பொண்ணுகிட்ட போன்ல ரொம்ப நேரம் பேசினேன். பேசி முடிச்சும் மனசு ஆறல. அதான் இந்த நீளப் பதிவு. வில்லியனூர், பாகூர் மாதிரி கொம்யூன் பஞ்சாயத்து ஊர்ல இருந்துக்கிட்டே நாங்க செய்யற இந்தத் தொழிலுக்கு வரணும்னு நினைக்கிறவங்களுக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த வேலை எங்க பக்கத்துக்குப் புதுசு கிடையாது.

வில்லியனூர்த் தேரை நினைச்சுப் பாருங்க. ஜூன் வாக்குல திருக்காமீஸ்வரர் கோயில் பிரம்மோற்சவம். பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடிச்ச காலத்து வழக்கம். இன்னிக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். அவர் வண்டி நிக்க இடம் வேணும். மோர்ப் பந்தல் வேணும். முட்டுக்கட்டை போடத் தெரிஞ்ச ஆளுங்க வேணும். கூட்டத்துல தொலையற பிள்ளைங்களுக்கு மைக் வேணும். தேர் வர்ற வீதியில கரண்ட்டை நிறுத்தணும், தேர் தாண்டினதும் திரும்பக் குடுக்கணும். எல்லாம் ஒரே காலையில.

அந்தக் கரண்ட் நிறுத்தற வேலை ஒண்ணு பிசகினா என்ன ஆகும்னு 2022 ஏப்ரல் 27-ல பார்த்தோம். தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டுல தேர் உயரழுத்த மின்கம்பியில பட்டு 11 பேர் செத்துப் போனாங்க. விழா நடத்தறதுன்னா அழகு ஒரு பங்கு, உயிருக்குப் பொறுப்பு ஒன்பது பங்குன்னு நான் சொல்றது இதனாலதான்.

அப்புறம் நம்ம வில்லியனூர் மாதா கோயில். 1877-ல கட்டினது. ஈஸ்டர் முடிஞ்சா திருவிழா, தேர் பவனி, வெளியூர்க் கூட்டம். 2023 ஏப்ரல்ல திருக்காஞ்சியில சங்கராபரணி புஷ்கரணி நடந்துச்சே, எவ்வளவு ஜனம்! ஆத்துல இறங்கறவங்க ஒரு வழி, ஏறி வர்றவங்க ஒரு வழின்னு பிரிச்சா என்ன, பிரிக்காட்டி என்னங்கறதை எந்தக் கோர்ஸும் அந்த மாதிரி காட்டாது. இதெல்லாம் காசில்லாத பள்ளிக்கூடம். அடுத்த திருவிழாவுல சாமி கும்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் ஓரமா நின்னு, யார் யாருக்கு என்ன சொல்றாங்கன்னு மட்டும் கவனிங்க.

இன்னொரு ஆளையும் கவனிங்க. ஒவ்வொரு ஊர்லயும் எடுத்துக்கட்டிச் செய்யற மாமா ஒருத்தர் இருப்பார். பந்தல்காரர் நம்பர் அவர்கிட்ட இருக்கும். மேளக்காரர் அவர் சொன்னா வருவார். சமையல் மாஸ்டர் மளிகை லிஸ்ட்டை அவர்கிட்டதான் நீட்டுவார். விடிய விடிய மண்டபத்துல நிப்பார். அவருக்குக் கூலி? ஒரு வேட்டி, வெத்தலை பாக்கு, அவ்வளவுதான்.

அந்த மாமாக்களுக்கு வயசாயிடுச்சு. அவங்க பசங்க சென்னை, ஓசூர், பெங்களூர்னு போயிட்டாங்க. கல்யாண வீட்டுக்காரங்களும் நாலு நாள் லீவுல வந்து இறங்கறாங்க. மண்டபத்துச் சாவியை யார் வாங்கறதுன்னே தெரியாம நிக்கறாங்க. காசு இருக்கு, கூட நிக்க ஆள் இல்ல.

நம்ம தொழில் அந்த இடத்துலதான் இருக்கு. எடுத்துக்கட்டிச் செய்யற மாமா வேலையைக் கணக்கு வழக்கோட, கூலியோட செய்யறது. (அத்தைங்களும் செய்யலாம். இன்னும் நல்லாவே செய்வாங்க.)

சரி, எங்க ஆரம்பிக்கிறது?

எல்லாரும் மேடையில ஆரம்பிக்கறாங்க. பேக்டிராப், பலூன் ஆர்ச், பேர் எழுதின விளக்கு. எல்லாம் வேணும்தான். ஆனா மறுநாள் டீக்கடையில யாராவது பேக்டிராப்பைப் பத்திப் பேசிக் கேட்டிருக்கீங்களா? "சாம்பார் மூணாவது பந்திக்கு வரல"ன்னுதான் பேசுவாங்க. பந்தி சரியா நடந்தா விசேஷம் சரியா நடந்துச்சு.

ஒரு ரிசப்ஷனை எடுத்துக்குவோம். பந்திக் கூடத்துல ஒரே நேரத்துல 200 பேர் உக்காரலாம். வர்றவங்க 800 பேர். ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, மேசை துடைச்சு, பேப்பர் விரிச்சு, மறுபடி இலை போட 40 நிமிஷம். நாலு பந்திக்கு 2 மணி 40 நிமிஷம். ஏழு மணிக்கு ஆரம்பிச்சா பத்து மணிக்குள்ள சுபம். பேப்பர்ல எவ்வளவு சுலபம்!

ஆனா ஜனங்க ஏழு மணிக்கு வர மாட்டாங்க. எட்டு மணிக்கு மொத்தமா வருவாங்க. வேலை விட்டு வந்து குளிச்சு, பிள்ளைங்களுக்குத் தலை சீவி, பஸ் பிடிச்சு வரணுமே. வந்ததும் மேடை, போட்டோ, மொய், நேரா பந்தி. எட்டரைக்குக் கூடத்துக் கதவுல நெரிசல். உக்காந்து சாப்பிடறவர் முதுகுக்குப் பின்னாடி இன்னொருத்தர் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். இவர் இன்னும் ரசத்துக்கே வரல. ஒரு மனுஷனை அப்படி அவசரப்படுத்தி சாப்பிட வைக்கிறது எனக்குத் தாங்கவே தாங்காது. கூப்பிட்டு சோறு போடறோம். நிம்மதியா சாப்பிடட்டுமே.

இதுக்கு நாங்க என்னென்னமோ பண்ணிப் பார்த்தோம். டோக்கன் குடுத்தோம். சொந்தக்காரங்க முகம் சுருங்கிப் போச்சு. "என்னம்மா, ரேஷன் கடையா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டுட்டார். அதோட டோக்கன் போச்சு. மைக்ல "முதல் பந்தி தயார்"னு சொல்லிப் பார்த்தோம். ஒருத்தரும் அசையல. முதல் பந்திக்கு முந்திக்கிட்டு ஓடினான்னு பேர் வந்துடுமே!

கடைசியில ஒத்து வந்தது எதுன்னா, நேர்ல போய்க் கூப்பிடறது. ஏழு மணிக்கே வந்து உக்காந்திருக்கிற வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க, கடைசி பஸ் பிடிக்கணும்கிறவங்க இவங்கள்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், "வாங்க பெரியப்பா, உங்களுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்"னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். பொண்ணு வீட்டுல ஒருத்தர், மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தர், இதுக்குன்னே நிக்கணும். முதல் பந்தி நிரம்பிட்டா அன்னிக்கு ராத்திரி பாதி ஜெயிச்ச மாதிரி.

மீதிப் பாதி போட்டோகிராபர் கையில இருக்கு. எட்டுல இருந்து ஒன்பது வரைக்கும் மாப்பிள்ளை பொண்ணைத் தனியா நிக்க வச்சு எடுக்கிற படம் வேண்டாம், வரிசையில வர்றவங்களை மட்டும் எடுங்கன்னு முன்னாடியே பேசிடணும். மேடை வரிசை ஒரே சீரா நகர்ந்தா பந்திக்கும் ஒரே சீரா ஆள் வரும். நின்னு நின்னு நகர்ந்தா நூறு பேர் ஒண்ணா வந்து இறங்குவாங்க. வாசல் பக்கம் டீயும் சுண்டலும் வச்சா கூட்டம் கொஞ்ச நேரம் அங்க நின்னு ஊர்க்கதை பேசும். சுண்டல் செலவு பெருசா ஒண்ணும் வராது.

இலைக் கணக்கு இன்னொரு விஷயம். எங்க பக்கம் சமையல் காண்ட்ராக்ட் பெரும்பாலும் இலைக்கு இவ்வளவுன்னுதான். விசேஷம் முடிஞ்சதும் அவர் ஒரு கணக்கு சொல்லுவார், வீட்டுக்காரர் ஒரு கணக்கு சொல்லுவார். நடுராத்திரியில சண்டை. வாழை இலைக் கட்டை நம்ம பொறுப்புல வாங்கி வச்சு, பந்திக்குப் பந்தி நாமளே எண்ணிக் குடுத்து, மிச்சத்தை ரெண்டு பேர் முன்னாடியும் எண்ணிட்டா சண்டைக்கு இடமே இல்ல. இந்த ஒரு வேலையை ஒழுங்கா செஞ்சா சமையல் மாஸ்டரே அடுத்த வீட்டுக்கு உங்க பேரைச் சொல்லுவார். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அதைவிட நல்ல விளம்பரம் இல்ல.

அதனால, தொழில் பழகணும்னா எடுத்த எடுப்புல கல்யாணம் வேண்டாம். வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா. நூறு நூத்தம்பது பேர். சொந்தக்காரங்க வீடு. காசு வாங்காம ஒண்ணு, குறைச்சலா வாங்கிக்கிட்டு ரெண்டுன்னு போங்க. கையில நோட்டு இருக்கட்டும். எத்தனை மணிக்கு எது நடக்கணும், எத்தனை மணிக்கு நிஜமா நடந்துச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. அந்த நோட்டுதான் உங்க சர்ட்டிபிகேட்.

எதையும் விலைக்கு வாங்காதீங்க. நாற்காலி, ஷாமியானா, சீரியல் செட், ஸ்பீக்கர், ஜெனரேட்டர் எல்லாமே பக்கத்து ஊர்ல வாடகைக்குக் கிடைக்கும். வாங்கிப் போட்டா வைக்க இடம் வேணும், தூக்க ஆள் வேணும், ஆடி மாசம் பூரா எலி கடிக்கும். முத்ரா கடன்ல சிசு பிரிவுல 50,000 ரூபாய் வரைக்கும் குடுக்கறாங்க. தேவைப்பட்டா வாங்கலாம். ஆனா முதல் வருஷத்துக்கு ஒரு போன், ஒரு ஸ்கூட்டி, ஒரு நோட்டு போதும்னுதான் நான் சொல்லுவேன்.

காசு எப்படிக் கேக்கறது? இதுதான் எல்லாருக்கும் தொண்டையில நிக்கற கேள்வி.

'பிளானிங் சார்ஜ்'னு தனியா ஒரு வரி போட்டுக் குடுத்தோம்னா, வீட்டுக்காரங்க பேனாவை எடுத்து முதல்ல அடிக்கிறது அந்த வரியைத்தான். "கூட நிக்கறதுக்குக் காசா?" அவங்க மேல தப்பில்ல. மாமா இத்தனை வருஷம் சும்மா நின்னாரே! சரின்னு எல்லாத்தையும் சேர்த்து மொத்தமா ஒரு பேக்கேஜ் போட்டா, பந்தல்காரரை நேர்ல பிடிச்சு "உன் ரேட்டு என்னப்பா?"ன்னு கேட்டுடுவாங்க. ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில சொந்தம். மறைச்சு வச்ச கமிஷன் ஒரு வாரம் தாங்காது. அதுவும் இல்லாம, மறைக்கிறது நியாயமும் இல்ல.

இப்ப நாங்க வீட்டுக்காரங்ககிட்ட சொல்றது இதுதான். பந்தல், சமையல், பூ, மேளம், போட்டோ எல்லாத்துக்கும் காசு நீங்களே நேராக் குடுங்க. ரேட் பேசித் தர்றது, ஆள் வர்றதைப் பார்க்கறது, முதல் நாள் சாயங்காலத்துல இருந்து மறுநாள் மண்டபத்தைக் கூட்டி சாவி குடுக்கற வரைக்கும் நிக்கறது எங்க வேலை. அதுக்கு இவ்வளவு. பாதி தேதி குறிச்சதும், பாதி விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னாடி. சொன்னதும் ஒத்துக்கறவங்க கம்மிதான். ஆனா ஒத்துக்கிட்டவங்க அடுத்த பொண்ணு கல்யாணத்துக்கும் கூப்பிடுவாங்க.

எழுத்துல ஒரு பக்கம் கட்டாயம் வேணும். தமிழ்ல, எல்லாருக்கும் புரியற மாதிரி. அதுல ரெண்டு விஷயம் இருந்தே ஆகணும்.

ஒண்ணு, சாவு. பங்காளி வீட்டுல ஒரு பெரியவர் போயிட்டா தீட்டு. விசேஷம் தள்ளித்தான் போகும். பூ வாங்கியாச்சு, காய் வெட்டியாச்சுன்னா அந்தச் செலவு யாரோடது? வாங்கின அட்வான்ஸ் புதுத் தேதிக்குச் செல்லுமா, செல்லாதா? துக்க வீட்டுல போய் இதைப் பேச வாய் வராது. அதனால சந்தோஷமா இருக்கிறப்பவே எழுதிடணும்.

ரெண்டாவது, மழை. கார்த்திகையில முகூர்த்தம் வைக்கிறோம், புயலும் அப்பதான் வருது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்துல கரையைக் கடந்துச்சு. ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை. அது வடியறதுக்குள்ள சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர் கொம்யூன் ஊருங்களுக்குள்ள புகுந்துச்சு. ஐப்பசி, கார்த்திகை விசேஷம்னா மேட்டுல இருக்கிற மண்டபமா, வண்டி போற ரோடு தண்ணியில முழுகுமா, சமையல் இடத்துக்கு மேல கூரை இருக்கான்னு பார்க்காம தேதிக்குத் தலையாட்டாதீங்க.

கூரைன்னதும் இன்னொண்ணு. 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்துல கல்யாண மண்டபத்துல கீத்துப் பந்தல் தீப்பிடிச்சு மாப்பிள்ளையோட சேர்த்து ஐம்பதுக்கும் மேல போயிட்டாங்க. ஒரு கல்யாணத்துல! அதைப் பத்திப் படிச்சதுல இருந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும் நான் முதல்ல தேடறது ரெண்டாவது வாசலைத்தான். அது பூட்டியிருந்தா சாவி என் கைக்கு வர்ற வரைக்கும் மேடை வேலை ஆரம்பிக்காது. கம்பத்துல கொக்கி போட்டு கரண்ட் எடுக்கறேன்னு எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னா, எவ்வளவு நல்ல பையனா இருந்தாலும் வேண்டாம். மின்துறையில தற்காலிக இணைப்புக்கு எழுதிக் குடுங்க, இல்ல ஜெனரேட்டர் போடுங்க.

சட்ட விஷயம் இன்னும் கொஞ்சம். ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் திறந்த வெளியில ஸ்பீக்கர் கூடாது, 2000-ல வந்த ஒலி விதியே அப்படித்தான். பகல்ல வைக்கவும் அனுமதி வேணும். டி.ஜே. கேக்கற பசங்ககிட்ட இதை முன்னாடியே சொல்லிடுங்க, மேடையில சண்டை வேண்டாம். 2022 ஜூலை 1-ல இருந்து தெர்மாகோல் அலங்காரம், பலூன் பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் தட்டு டம்ளர், பத்திரிகை மேல சுத்தற பிளாஸ்டிக் தாள் எல்லாம் நாடு முழுக்கத் தடை. பேனர்? நம்ம ஊர்ல கல்யாணம்னாலே ரோட்டுல ஆளுயர பேனர். 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில கல்யாண பேனர் ஒண்ணு ஸ்கூட்டர்ல போன 23 வயசுப் பொண்ணு மேல விழுந்து, பின்னாடி வந்த லாரி ஏறிடுச்சு. எனக்குச் சாலையோர பேனர் வேலையே வேண்டாம். மண்டப வளாகத்துக்குள்ள எவ்வளவு பெருசா வேணும்னாலும் வைங்க, நானே கூட வந்து கட்டறேன்.

பாகூர்க்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. உங்க ஊரைச் சுத்திக் கடலூர் மாவட்டம். பொண்ணு வீடு பாண்டி, மாப்பிள்ளை வீடு தமிழ்நாடு, நடுவுல ஒரு வயல்வெளிதான் இருக்கும். ஆனா போலீஸ் ஸ்டேஷன் வேற, அனுமதிக் கடுதாசி வேற, வாடகை வண்டி பர்மிட்டும் வேற. மண்டபம் எந்தப் பக்கம்னு பார்த்து எழுதுங்க. "பாண்டியில இருந்து ரெண்டு பெட்டி மட்டும் வண்டியில போட்டுட்டு வாம்மா"ன்னு யாராவது சொன்னா, சரக்கு விஷயத்துல ஒரே பதில்: முடியாது. சித்தப்பாவா இருந்தாலும் முடியாது.

பேப்பர் வேலை பயப்படற அளவுக்கு இல்ல. உத்யம் பதிவு ஆன்லைன்ல இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். அதுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கேக்கறவங்ககிட்ட போகாதீங்க. சமையலும் நீங்களே எடுத்தா உணவுப் பாதுகாப்புப் பதிவு வேணும். வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜி.எஸ்.டி. (தாண்டட்டும், எனக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புங்க.)

ஆடி, புரட்டாசி, மார்கழியில முகூர்த்தம் இல்லையே, சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நல்ல கேள்வி. ஆடியில அம்மன் கோயில் எல்லாம் திருவிழா. வீராம்பட்டினம் தேர் ஆடியிலதான். ஒலி, ஒளி, பந்தல் ஆளுங்க அப்ப ஓய்வே இல்லாம இருப்பாங்க. அவங்ககூட நின்னீங்கன்னா தையில அவங்க உங்களுக்குக் கூப்பிட்ட உடனே வருவாங்க. மார்கழியில கிறிஸ்துமஸ், நியூ இயர். பாண்டி ஓட்டல், ஈ.சி.ஆர். ரிசார்ட் எல்லாத்துக்கும் ஆள் பத்தாது. தினக்கூலிக்கு விருந்துக் கூடத்துல வேலைக்குப் போங்க. விளம்பரத்துல பார்த்த வெள்ளைத் துணியும் கண்ணாடி விளக்கும் அங்கதான் இருக்கு. அதை யார் எப்படிக் கட்டறாங்க, எத்தனை மணிக்குச் சரக்கு வண்டி வருது, சமையல்கட்டுக்கும் மேடைக்கும் நடுவுல யார் பேசிக்கறாங்கன்னு கிட்ட இருந்து பார்க்கலாம். கையில கூலியும் வரும். அதுக்குப் பிறகும் படிக்கணும்னு தோணினா தாராளமாப் படிங்க, படிப்பை நான் குறை சொல்லவே இல்ல. முருங்கப்பாக்கத்துலயே ஓட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் இருக்கு, பாகூர்ல இருந்து ஒரே பஸ். நகையை வச்சு ஆறு மாசக் காகிதம் வாங்கறதுதான் வேண்டாம்.

அலங்காரத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேன்னு நினைப்பீங்க. ஒரே ஒரு ஆசையைச் சொல்லிடறேன். தெர்மாகோல்தான் போயிடுச்சே, அந்த இடத்துக்கு நம்ம ஊர்ச் சாமானைக் கொண்டு வாங்களேன். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கு. சுடுமண் கலைக்காக வி.கே. முனுசாமிக்கு 2020-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இவ்வளவையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, வாசல்ல எங்கிருந்தோ வந்த பிளாஸ்டிக் யானையை நிறுத்தறோம்! ரெண்டு சுடுமண் குதிரை, தென்னங்குருத்துத் தோரணம், தாம்பூலப் பையில தேங்காயோட ஒரு சின்ன அகல் வச்சுப் பாருங்க. வந்தவங்க கையில எடுத்துப் பார்த்துட்டு எந்த ஊர்ச் சாமான்னு கேப்பாங்க.

தை முகூர்த்தத்துக்கு வேணும்னா ஆவணியிலயே சுடுமண் வேலை செய்யறவங்ககிட்ட போய்ச் சொல்லிடுங்க. ஐப்பசி மழையில மண் காயாது, சூளையும் வைக்க முடியாது. எண்ணிக்கை கேக்கறப்ப நூத்துக்குப் பத்து கூடவே சொல்லுங்க, உடையும். முன்பணமும் அன்னிக்கே குடுத்துடுங்க. அவங்களுக்கும் அதுதான் மழைக்காலத்துச் செலவுக்கு.